புல் தின்னும்போது ராஜாவுக்குத் தெரியுமா

முதலில் பின்தங்கியது என் வலது கால் செருப்பு. பசாரில் நடந்துகொண்டிருப்பேன். நாலு அடி தள்ளிப் போன பிறகுதான் கால் வெறுங்காலாக இருப்பது தெரியும். திரும்பிப் பார்த்தால் செருப்பு மீன்கடை ஈரத்தில் தனியாகக் கிடக்கும். செருப்பு தளர்ந்துவிட்டது என்று புதிது வாங்கினேன். அதுவும் பின்தங்கியது.

என்னைப்போல் தலைக்குள் நோய் வந்தவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். மிச்ச எழுத்தை நாற்பது வயதுக்கு மேல் வேதப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இந்தக் கட்டுரையின் எழுத்துப் பிழைகளை என் மகள் எஸ்தர் திருத்தினாள். யோசனையைத் திருத்த நான் விடவில்லை.

தினமும் காலையில் ஒரு அதிகாரம் படிப்பேன். விரலை வைத்து, எழுத்துக்கூட்டி. முடிந்ததும் புத்தகத்தின் சிவப்பு நாடாவை அடுத்த அதிகாரத்துக்கு நகர்த்துவேன். பிறகு அன்றைக்கு மனதில் வந்த கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதுவேன். யோபுவுக்குப் புதிதாகப் பிள்ளைகள் பிறந்தார்களே, செத்த பிள்ளைகளை அவன் மறந்துவிட்டானா? இப்படி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு கேள்வியைப் பாஸ்டரிடம் (சபைப் போதகரிடம்) கேட்பேன். அவ்வளவு படித்தவர் கொஞ்சம் தடுமாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அப்படித்தான் தானியேல் நாலாம் அதிகாரத்துக்கு வந்தேன். பாபிலோன் ராஜா அரண்மனையில் உலாவிக்கொண்டே, இதெல்லாம் நான் கட்டியது என்று பெருமை பேசுகிறான். பேசி வாய் மூடுவதற்குள் அவன் புத்தி போய்விடுகிறது. மாட்டைப்போலப் புல் தின்கிறான். ஏழு காலம் கழித்துப் புத்தி திரும்புகிறது. படித்து முடித்ததும் நல்ல கேள்வி ஒன்று வந்தது. எழுதினேன். புல் தின்னும்போது ராஜாவுக்குத் தெரியுமா?

ஞாயிறு அன்று பாஸ்டரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் எஸ்தரைப் பார்த்தார்.

"பாட்டி, இதத்தான் நாலு வாரமா கேக்குறீங்க."

"அப்ப நாலு வாரமா நீங்க பதில் சொல்லலன்னு அர்த்தம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு வாரமும் சொன்னேன் பாட்டி. நீங்களும் தலைய ஆட்டிட்டு நல்ல பதில்தான்னு சொன்னீங்க."

அந்தக் காலத்தில் நடந்த பலதும் எனக்கு ஞாபகம் இல்லை. இது மட்டும் நிற்கிறது. கோபம் வந்ததால் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். அந்த வரி இருந்தது. முந்தின பக்கத்திலும் அதே வரி. அதற்கு முந்தின பக்கத்திலும். இருபத்துமூன்று பக்கம் திருப்பினேன். தொடக்கத்தில் எழுத்துகள் நேராக நின்றன. போகப்போகச் சாய்ந்து, கடைசிப் பக்கங்களில் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தன. வேதப் புத்தகத்தில் சிவப்பு நாடா நாலாம் அதிகாரத்திலேயே கிடந்தது.

எஸ்தரைக் கூப்பிட்டேன். "யாரோ என் கையெழுத்தப் பாத்து எழுதி வெளையாடுறாங்க."

அவள் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "உங்க கையெழுத்த யாரும்மா எழுத முடியும்? 'ற'வுக்கு மூணு கால் போடுறது ஊர்லயே நீங்க ஒருத்திதான்."

சொல்லிவிட்டு அழுதாள். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நூறு பேரை மேய்க்கிறவள். நான் மறப்பதைப் பார்த்திருக்கிறாள். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசுப் பெண், தமிழ்ப் பிள்ளை. இது என்ன மாதம் என்று கேட்டாள். சொன்னேன். தப்பாம். வலது கையை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். கை தானாகக் கீழே இறங்கியது. என்னைக் கேட்காமல் இறங்கியது.

"பாட்டி, அண்மையில எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

"இல்ல."

எஸ்தர் குறுக்கே வந்தாள். "அம்மா, அன்னிக்கு மழையில, சர்ச் வேன்லேர்ந்து எறங்கறப்ப?"

"விழல. உக்காந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க உக்காந்தீங்க?"

"வேன் படியில."

"உக்காரும்போது தல எங்க பட்டுச்சு?"

தலை பட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எஸ்தர் குடையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வேனுக்குள் இருந்தார்கள். பிறர் கைபிடித்து எழும்ப நான் விரும்பவில்லை.

"கதவுல," என்றேன்.

இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஏழு வாரம் ஆனது. ராஜாவுக்கும் ஏழு காலம் என்றுதான் போட்டிருக்கிறது. அதில் அர்த்தம் தேடாதீர்கள் என்கிறாள் எஸ்தர். நான் தேடுகிறேன்.

அன்றைக்கே சி.டி. ஸ்கேன் (தலைக்குள் இருப்பதை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது) செய்தார்கள். வந்த நோயின் பெயர் சப்டியூரல் ஹீமடோமா (மண்டை ஓட்டுக்கு உள்ளே, மூளையின் மேல் உறைக்கு அடியில் இரத்தம் தேங்கி மூளையை அமுக்குவது). வயசானால் மூளை கொஞ்சம் சுருங்குமாம். சின்ன அடியிலேயே இரத்தக் குழாய் கசியுமாம். இருதயத்துக்காக நான் சாப்பிட்ட இரத்தம் உறையவிடாத மாத்திரை அதை நிற்கவிடவில்லை. இடது பக்கம் தேங்கியதால் வலது கால் செருப்பை விட்டது. வலது கை எழுத்தைச் சாய்த்தது.

"விழுந்த அன்னிக்கே வந்திருந்தா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"அத இப்ப பேச வேணாம் அக்கா," என்றாள் டாக்டர். அது பதில்தான்.

அறுவைக்கு முன்னால் தலையை ஒரு பக்கம் சிரைத்தார்கள். ஒரு மிஸ்ஸி (தாதி) என் கையைத் தூக்கிப் பார்த்து, "என்ன பாட்டி, நகம் இவ்வளவு நீளமா வச்சிருக்கீங்க, ஸ்டைலா?" என்றாள். நான் சனிக்கிழமை தவறாமல் நகம் வெட்டுகிறவள். பார்த்தேன். வளைந்து, அழுக்கேறி, பறவை நகம் மாதிரி இருந்தது. புல் தின்ற ராஜாவுக்கும் நகம் அப்படித்தான் வளர்ந்தது என்று அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. என் நகத்தை நான் எத்தனை வாரமாகப் பார்க்கவில்லை? அறுவைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டார்கள். இரண்டு நாள் தலையிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. அதன் வழியாகப் பைக்குள் இறங்கியது கோப்பி ஓ (பால் ஊற்றாத காப்பி) நிறத்தில் இருந்தது. மூன்றாம் நாள் டாக்டர் மாதம் கேட்டாள். சரியாகச் சொன்னேன். கை இறங்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. விழுந்தால், விழுந்தேன் என்று சொல்லுங்கள். வீட்டில் பெரியவர் திடீரென்று மறந்தால், வயசு என்று விடாதீர்கள். தலையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எல்லா மறதிக்கும் மருந்து இல்லை என்றார்கள். என்னுடையதற்கு இருந்தது.

பாஸ்டர் பார்க்க வந்தார். ராஜா விழுந்தது பெருமையினால் என்றுதான் நாலு வாரமும் எனக்குப் பதில் சொன்னாராம். என்னை நினைத்துச் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டார். நான் அவரிடம் சொன்னேன்: "எனக்கு ரத்தம் கட்டினது கதவுனால பாஸ்டர். பெருமையினால இல்ல. ஏழு வாரம் அது உள்ளேயே இருந்தது மட்டுந்தான் பெருமையினால."

இப்போது சிவப்பு நாடா நகர்கிறது. தானியேல் முடிந்து அடுத்த புத்தகத்துக்கு வந்துவிட்டேன். செருப்பு காலோடு வருகிறது. ஆனால் இரத்தம் திரும்பவும் தேங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். குளிக்கும்போது அந்த இரண்டு குழியிலும் விரல் வைத்துப் பார்க்கிறேன். என் தலை எனக்குள் மூடியிருக்கும் ஒரு அறை மாதிரி இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்லாது.

எல்லோரும் கேட்கிறார்கள், அந்த நாலு வாரம் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா என்று. இல்லை. எனக்கு அது நாலு வாரமே இல்லை. ஒரே காலை. நல்ல காலை. ஜன்னலில் வெயில், கையில் பென்சில், இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று கிடைத்த சந்தோஷம். இருபத்துமூன்று தடவையும் அதே சந்தோஷம்தான் இருந்திருக்கும்.

ஆகவே கேள்விக்கு இப்போது நானே பதில் எழுதியிருக்கிறேன், அந்த நோட்டிலேயே. தெரியாது. புல் என்று தெரிந்திருந்தால் தின்றிருக்க மாட்டான். அவனுக்கு அது ராஜா வீட்டுச் சாப்பாடாகத்தான் இருந்திருக்கும்.

இன்று காலை ஓசியா புத்தகம் படித்தேன். நல்ல கேள்வி ஒன்று வந்தது. பென்சிலை எடுத்தேன். சந்தோஷமாக இருந்தது, அதனாலேயே கை நின்றது. நேற்றைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வேறு கேள்விதான் இருந்தது.

நாளைக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். அது எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.