பூச்சிக்காரர் வீட்டுப் பூச்சி

அவருடைய வண்டியின் பக்கவாட்டில் ஒரு பெரிய கரப்பான்பூச்சி கால்களைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கும். வரைந்தவர் கொஞ்சம் இளகிய மனசுக்காரர் போலிருக்கிறது. பூச்சியின் முகத்தில் குடும்பக் கவலை தெரியும். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வேலை வருகிறது. ஆனால் வேலை கொடுக்கிற யாரும் இந்தப் படம் தங்கள் வாசலில் வந்து நிற்பதை விரும்புவதில்லை. போனில் முகவரியைச் சொல்லி முடித்ததும் குரல் தணியும். வண்டியை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வர முடியுமா? தாராளமாக முடியும். மருந்தடிக்கிற பம்பைத் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி நடந்து போவார். அடுத்தவர் மானத்தைச் சுமப்பதும் சேவையில் சேர்த்தி.

தெருவில் எல்லோருக்கும் அவர் பூச்சிக்காரர். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு லென்ஸ் பொருத்துகிறவள். மூன்று வயது மகளுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். எலி பிடித்துப் பிழைக்கிற குடும்பத்தில் எலிக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

தொழிலில் அவர் பார்க்காத படுக்கையறை இல்லை. முழங்காலில் நின்று, மெத்தை ஓரத்துத் தையலை விலக்கி, டார்ச் அடித்துப் பார்ப்பார். எதுவும் அகப்படவில்லை என்றால் வீட்டுக்காரர் முகம் மலரும். அந்த மலர்ச்சியை அவர் வளர விடமாட்டார். "கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல சார். நல்லா ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்பார். இந்த வரியை நம்பி மருந்தடித்தவர்கள் பலர். அதில் பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாகவும் இருந்து தொலைத்தது. அதனால் அவருக்கு அந்த வரியின் மேல் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு நாள் காலையில் சுண்டெலி அழுதுகொண்டே எழுந்தாள். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் தோல் சிவந்து, தடித்து, சொரசொரவென்று இருந்தது. கன்னத்திலும் கொஞ்சம். முந்தின நாள் வழவழவென்று இருந்த பிள்ளை. சொறிந்து சொறிந்து ஒரு கையில் ரத்தம் கசிந்திருந்தது. மனைவி கூப்பிட்ட குரலில் பூச்சிக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தபடியே ஓடி வந்தார். பார்த்தார். வாயில் நுரையோடு தீர்ப்பு சொன்னார்: மூட்டைப்பூச்சி.

மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. நாளெல்லாம் மில்லிமீட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள்.

"ரெண்டு கையிலயும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி இருக்கே. பூச்சி அளவெடுத்தா கடிக்கும்?"

"கூட்டமா வந்தா எப்படி வேணா கடிக்கும். இது என் வேலை, விடு."

சுண்டெலி அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள். "என்னைப் பூச்சி கடிக்குதாப்பா?"

"ஆமாண்டா செல்லம். அப்பா புடிச்சிடறேன்" என்றார். ஊருக்கெல்லாம் கொடுக்கிற வாக்குறுதிதான். மகளுக்கு மட்டும் குறைப்பானேன்?

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மனைவியையும் பிள்ளையையும் மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சொந்த வீட்டில் முழங்கால் போட்டார். மெத்தை, கட்டில் மூட்டு, திரைச்சீலை மடிப்பு, சுவரோரப் பலகை. ஒன்றும் இல்லை. அவருக்கு முகம் மலரவில்லை. இவ்வளவு சாமர்த்தியமான பூச்சியை அவர் கண்டதே இல்லை என்றுதான் தோன்றியது. கட்டில் கால்களுக்கு அடியில் பசை அட்டை வைத்தார். வீடு முழுக்க மருந்தடித்தார். அதற்கு முன்னால் செய்த முதல் காரியம், வாசலில் நின்ற வண்டியை எடுத்துப்போய் இரண்டு தெரு தள்ளி நிறுத்தியது. பூச்சிக்காரர் வீட்டிலேயே பூச்சி என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? திரும்பி நடந்து வரும்போதுதான், வாடிக்கையாளர்கள் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள் என்று அவருக்கு விளங்கியது.

வீடு காய்ந்து பிள்ளை திரும்பி வந்ததும் அரிப்பு கூடியது. அவரும் கூட்டினார். போர்வைகளைக் கொதிக்கிற தண்ணீரில், காரமான சோப்புத் தூளில் அலசினார். பிள்ளையைச் சூடான தண்ணீரில் உட்காரவைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார். பசை அட்டையில் ஓர் அந்துப்பூச்சியும், வழி தவறிய ஓர் எறும்பும், மனைவியின் கொண்டை ஊசியும் மாட்டின. ஊசியை மட்டும் விசாரணையில்லாமல் விடுவித்தார்.

இதற்கிடையில் மருத்துவ ஆலோசனைக்குக் குறைவே இல்லை. மாடி வீட்டுக்காரி பாலை நிறுத்தச் சொன்னாள். மனைவியின் அக்கா, பாலை நிறுத்தினவர்களைப் பற்றி ஒரு கதை சொன்னாள். கண்ணாடிக் கடை முதலாளி, தன் ஒன்றுவிட்ட தம்பிக்கும் இப்படித்தான் வந்தது என்று ஆரம்பித்து, தம்பி இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான் என்று முடித்தார். நடுவில் தோல் என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லை. பூங்காவில் சறுக்குமரத்துக்குக் கீழே காத்திருந்த ஒரு தாய், சுண்டெலியின் கையைப் பார்த்ததும் தன் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எதுவும் சொல்லவில்லை, பாவம், நல்ல மாதிரி. சிரிக்கக்கூடச் செய்தாள். பூச்சிக்காரரின் மனைவி அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், நாளைக்கு டாக்டரிடம் போகிறோம், நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்றாள்.

அவர் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை.

அவருடைய வாடிக்கையாளர்கள் சிலர், செத்த பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர்களைப் பற்றி வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது தோல் டாக்டரின் மேசையில் அவர் ஒரு சின்ன டப்பாவை வைத்தார். டாக்டர் அம்மாள் மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த அந்துப்பூச்சியையும் எறும்பையும் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"சந்தேகப்படறவங்க, டாக்டர்."

"விட்டுடுங்க. இவங்க மேல தப்பில்ல."

பிள்ளையின் மடிப்புகளை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, இது எக்ஸிமா என்றார். தோல் தானாகச் சிவந்து வறண்டு அரிக்கிற கோளாறு. சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று இப்படி வருவது உண்டு. ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை. பூச்சிக்காரர் தொழில் முறைப்படி இரண்டு கேள்விகள் கேட்டார். முதல் கேள்வி, உள்ளே வந்த வழி எது என்பது. வழி என்று எதுவும் இல்லை, அவள் தோலின் சுபாவமே அப்படி என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்வி, எப்போது போகும்.

"போகும், திரும்ப வரும். வளர வளரக் குறையலாம். தேதி சொல்ல முடியாது."

"நானே ஆறு மாசம் கேரண்டி குடுக்கறேன் டாக்டர்."

"உங்களுது நல்ல தொழில் சார்" என்றார் டாக்டர். கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. பிறகு, வீட்டில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். பூச்சிக்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மருந்து, சோப்புத் தூள், சுடுதண்ணீர், தேய்ப்பு. சொல்லச் சொல்ல அவருடைய குரல், போனில் முகவரி சொல்கிறவர்களின் குரல் மாதிரி தணிந்துகொண்டே போனது.

"அதனாலதான் இவ்வளவு ஆச்சா, டாக்டர்?"

"அதனால வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். அது நல்லதும் பண்ணியிருக்காது."

திட்டியிருந்தால் தேவலை. திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இந்தப் பதிலை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

எழுதிக் கொடுத்த களிம்பைச் சிவந்த இடத்தில் மட்டும் சொன்ன அளவுக்குத் தடவினார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத கிரீமைக் கனமாகப் பூசினார்கள். நகத்தை ஒட்ட வெட்டினார்கள். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, துணிகளை மறுபடி வெறும் தண்ணீரில் அலசினார்கள். தோல் ஆறியது. முழங்கை மடிப்பு பழையபடி வெண்ணெய் மாதிரி ஆனது. பூச்சிக்காரர் வண்டியைச் சொந்த வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். மாடி வீட்டுக்காரி, பாலை நிறுத்தினீர்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு மறுபடி வந்தது. புதுச் சோப்பு இல்லை, மருந்து இல்லை, எதையும் மாற்றவில்லை. காரணம் என்று சொல்லிக்கொண்டு ஒரு எறும்புகூட வரவில்லை. கிரீம் டப்பாவைத் திறந்து வைத்தபடி மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாலை வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. பூச்சிக்காரரைக் காணோம். குனிந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் டார்ச் வெளிச்சம்.

"யாரத் தேடறீங்க?"

"சும்மாதான்" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது.

அவர் வெளியே தவழ்ந்து வந்தபோது சுண்டெலி முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வெட்டிய நகத்தாலேயே சொறிந்து சொறிந்து புதுசாகப் புண்ணாக்கியிருந்தாள். வெறுமனே அரிப்புக்குச் சொறிந்த மாதிரி தெரியவில்லை. எதையோ தோண்டியெடுக்கப் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்பா, என் பூச்சியப் புடி."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் அவர் புழுவைக் கொன்றிருக்கிறார், எலியைப் பிடித்திருக்கிறார், ஓர் ஓட்டலையே இரண்டு நாள் மூடவைத்திருக்கிறார். இந்த ஒரு பூச்சியை மட்டும் அவரேதான் உள்ளே விட்டிருந்தார்.

"பூச்சி இல்லம்மா. டாக்டர் அத்தை சொன்னாங்கல்ல? பூச்சியே இல்ல. அப்பா தப்பா சொல்லிட்டேன்."

சுண்டெலி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். தொழில் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

"இருக்குப்பா. நல்லா ஒளிஞ்சிருக்கு."

பூச்சிக்காரர் இன்னொரு தடவை இல்லை என்றார். சுண்டெலி இன்னொரு தடவை இருக்கு என்றாள். மற்ற வீடுகளில் ஜனங்கள் அவரிடம் எப்படி வாதாடித் தோற்பார்களோ, அப்படியே அவரும் தோற்றார். அவள் சொறிய இன்னொரு கையைத் தூக்கினாள். அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு கையையும் பிடித்தாகிவிட்டது; அதற்கு மேல் செய்ய அவரிடம் எதுவும் இல்லை.

"லைட்டு அடிச்சுப் பாருப்பா" என்றாள் பிள்ளை.

மனைவி குனிந்து தரையில் கிடந்த டார்ச்சை எடுத்து, முழங்கை மடிப்பில் பிடித்தாள். பூச்சிக்காரர் முழங்காலில் நின்று, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், தையலைப் பார்ப்பது போல அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

"இல்லடா."

"நல்லாத் தேடு."

தேடினார்.