வெறும் காது

என் மகளின் காதில் கம்மல் இல்லை என்பதை ஒரு புதன்கிழமை காலையில்தான் கவனித்தேன். தட்டில் தோசையைப் போடும்போது கண்ணில் பட்டது. இரண்டு காதும் வெறுமையாக இருந்தன. அதைப் பார்த்தபடி நின்றதில் கல்லில் இருந்த அடுத்த தோசை கருகிவிட்டது.

வேறு வீடாக இருந்தால், கம்மல் எங்கேடி என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். திருவனந்தபுரத்துத் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக் குடும்பங்களில் அது அத்தனை லேசான விஷயமில்லை. எங்கள் சபையில் கைக்குழந்தைக்கே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவோம். நகை போடத் தடை கிடையாது. பெந்தெகொஸ்தே கூட்டங்களுக்குப் போகிறவர்கள் முதலில் நகையைக் கழற்றுவார்கள். பிறகு ஆற்றிலோ தொட்டியிலோ இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். என் சித்தி மகள் அப்படித்தான் போனாள். முதலில் கம்மல், அடுத்து வளையல், கடைசியில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வருவதும் நின்றுபோயிற்று.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை அறையில் பிட் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளை பேனாவைத் திருப்பும் விதத்திலேயே சட்டை மடிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர எனக்குத் தெரியாது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. சபையில் திடப்படுத்தல் வகுப்பை நடத்துவது நான்தான். குழந்தைக்காகப் பெற்றோர் கொடுத்த வாக்கை, பதினைந்து பதினாறு வயதில் அந்தப் பிள்ளையே பேராயர் முன் நின்று ‘ஆம்’ என்று தன் வாயால் ஏற்றுக்கொள்ளும் சடங்கு அது. அந்த வருஷம் பதினொரு பேர். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. கேள்வி பதில்களை மலையாள எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வார்கள். நான் கேள்வியைப் பாதி சொல்லும்போதே பதில் வந்து விழும். என் மகளுடைய பதில் எல்லோருக்கும் முந்தி விழும். பெயர்ப் பட்டியலைப் போதகரிடம் கொடுக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. வகுப்பு டீச்சரின் மகளே முழுக்குக்குப் போனால் நான் எந்த முகத்தோடு ஆலயப் படி ஏறுவது?

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்ததும் அவள் கேட்டாள்: “அம்மா, சின்னதுல எனக்கு ஞானஸ்நானம் தந்தப்ப வாக்குக் குடுத்தது நீங்கதானே? நானில்லியே?”

பெந்தெகொஸ்தேக்காரர்களுடைய கேள்வி, அச்சு அசல். சித்தி மகளும் இதையேதான் கேட்டாள். வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பதிலை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தேன். “செரி” என்று எழுந்து அறைக்குப் போனாள். மறுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கணவரிடம் சொன்னேன். “அவகிட்டயே கேட்டுப் பாரேன்” என்றார்.

“கேட்டா சொல்லிருவாளாக்கும்?”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குள் போய்விட்டார். கேட்பது என் வழக்கமில்லை. பிட் வைத்திருக்கிறாயா என்று கேட்டு எந்த டீச்சராவது பிடித்ததுண்டா?

ஞாயிறு மூன்று மணிக்கு ஆலயத்தில் வாலிபர் கூட்டம் நடக்கும். வாராவாரம் அவள் அதற்குத்தான் கிளம்புவாள். அதன் செயலாளராக இருக்கும் தம்பியை போனில் அழைத்து, வேறு எதையோ பேசுவதுபோல் விசாரித்தேன். “டீச்சரே, அவ இங்க வந்தே அஞ்சு ஆழ்ச்ச ஆச்சில்லே. பரீட்சையா இருக்கும்னு நெனச்சேன்” என்றான்.

ஐந்து வாரம்! வாராவாரம் வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கையும் காட்டிவிட்டுப் போகிறாளே, எங்கே போகிறாள்?

அடுத்த ஞாயிறு அவள் கரமனையில் பஸ் ஏறியதும் நான் ஓர் ஆட்டோவில் ஏறினேன். அந்த பஸ்ஸை விடாதே என்றேன். பஸ்ஸில் இருப்பது என் புருஷன் என்று ஆட்டோக்காரர் முடிவுகட்டிக்கொண்டார். கூடுதல் உற்சாகத்தோடு ஓட்டினார். கிழக்கேகோட்டையில் அவள் இறங்கினாள். இனி வேறொரு பஸ்ஸைப் பிடிப்பாள், ஏதாவது ஆற்றங்கரையில் கூட்டம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அவள் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் எதிர்ப்பக்கத்துச் சிப்ஸ் கடையில், தொங்கும் நேந்திர வாழைக்குலைகளுக்குப் பின்னால் நின்றேன். எண்ணெய்ச் சட்டியின் அனல் முகத்தில் அடித்தது. சும்மா நிற்க வெட்கப்பட்டு கால் கிலோ வாங்கினேன். கொஞ்ச நேரத்தில், வெள்ளைச் சேலையும் நகையில்லாத கழுத்துமாக ஒரு அம்மாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடித்தேன் பார் என்று மனசு துள்ளியது. அந்த அம்மாள் விசிறிக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், பாலராமபுரம் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். என் மகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மகள் எழுந்தாள். சாலையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

“அம்மா, போதும். முகமெல்லாம் செவந்து போச்சு. வாங்க, நெழல்ல இருப்போம்.”

“என்னய எப்ப பாத்த?”

“ஆட்டோலேருந்து எறங்கும்போதே.”

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? “எந்தக் கூட்டம்? முழுக்கு எப்ப?” என்றேன்.

“முழுக்கா? எனக்கா?” அவள் சிரித்தே விட்டாள்.

“பின்னே கம்மல் எங்க?”

“காது பழுத்துப் போச்சும்மா. உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன். பேப்பர் திருத்திக்கிட்டே, மஞ்சள் வைன்னு சொன்னீங்க. ஓர்மை இல்லியா?”

குனிந்து பார்த்தேன். காதுமடல் சிவந்து வீங்கியிருந்தது. ஓட்டையைச் சுற்றி மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. பத்து நாளாக அந்தக் காதை உளவு பார்த்தவளுக்கு மஞ்சள் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“பின்னே இங்க எதுக்கு வந்து இருக்க?” குரலைத் தணித்துக் கேட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள். “வாலிபர் கூட்டத்துல வட்டமா கைபிடிச்சு நின்னு ஜெபிப்போம்லா. ஒருத்தர் முடிச்சதும் அடுத்த ஆளுக்க கைய அமுக்குவாங்க. என் கைய அமுக்கினாங்க. எனக்கு ஒண்ணும் வரல்ல. நீங்க வீட்டுல ஜெபிக்கிறத அப்படியே சொல்லிட்டேன். எல்லாரும் கண்ணத் தொடச்சாங்க. எவ்வளவு ஆழமான ஜெபம்னாங்க. எனக்குப் பாத்து எழுதி முதல் மார்க் வாங்கின மாதிரி இருந்துச்சு.”

சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினேன்.

“பேராயர் முன்னால சொல்லப்போற ‘ஆம்’கூட அப்படித்தான் இருக்கும். எனக்குப் பொய் சொல்ல வய்யாம்மா. ஆனா நான் நிக்கல்லன்னா உங்களுக்குத்தானே நாணக்கேடு. அதத்தான் அஞ்சாறு ஆழ்ச்சயா இங்க இருந்து யோசிக்கேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “நீங்க ஜெபிக்கும்போது, அங்க ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார்னு தோணுமா?”

இதற்கும் வகுப்பில் ஒரு பதில் உண்டு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

“சில நாள் தோணும். பல நாள் தோணாது. எங்கப்பா தவறின வருஷம் முழுக்கத் தோணவே இல்ல. வாய் பாட்டுக்குச் சொல்லும், ஆமென்னு முடிச்சுட்டு சோறு வடிக்கப் போவேன்.”

என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “இத நீங்க கிளாஸ்ல ஒரு நாளும் சொன்னதில்லியே.”

“அத எப்படிச் சொல்றது?”

“இப்ப சொன்னீங்கல்லா, அப்படித்தான்.”

சிப்ஸைத் தின்றபடி பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். இந்த வருஷம் தன் பெயர் வேண்டாம் என்றாள். சரி என்றேன். அவளுக்காகப் பயமாக இருந்தது, எனக்காகவும் பயமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

குறித்த நாளில் பத்துப் பெயர்களை எழுதிப் போதகரிடம் கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழே படித்தார்.

“டீச்சர், உங்க மக பேரு விட்டுப் போச்சே.”

“விட்டுப் போகல, ஐயா. அவளுக்குச் சந்தேகமா இருக்காம். இப்ப வேண்டாம்னு சொல்றா.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு வேண்டிய பதிலையும் வழியெல்லாம் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். அவர் இன்னொரு முறை பட்டியலைப் பார்த்தார்.

“மத்த பத்துப் பேரும் சந்தேகம் இல்லன்னு சொல்லிட்டாங்களா?”

அவர்களிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. கையை நீட்டிப் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.