புளியமரம் தாண்டி வந்த சொட்டு மருந்து

எனக்கு இருந்ததே ஒரு கண். இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் மாட்டுக் கொம்பு இடித்து, விழித்திரை பிய்ந்துபோனது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். விழித்திரை நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த ஆபரேஷனில் முன்னால் இருக்கிற கருவிழி வீங்கி, வெள்ளையாக மங்கிவிட்டது.

“மணிக்கொரு தரம் சொட்டு மருந்து வுடுங்க. நிறுத்திட்டா கருவிழியில தழும்பு வுழுந்துடும். அப்புறம் உள்ள ஒட்டியும் பிரயோஜனம் இல்ல” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

திருநாவலூர் பக்கத்தில் எங்கள் ஊர். வீடு வந்த மூன்றாம் நாள், இட ஒதுக்கீட்டுக்காக ரோட்டு மறியல் ஆரம்பித்தது. நான் சும்மா இருப்பேனா? எங்கள் கொல்லைப் புளியமரத்தை வெட்டி ரோட்டில் போடச் சொன்னதே நான்தான். கோடாலியும் என்னுடையது.

மறுநாள் காலையில் என் மனைவி அஞ்சலை பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள். “நாலு சொட்டுதான் இருக்குது” என்றாள். மருந்து உளுந்தூர்பேட்டையில்தான் கிடைக்கும். பஸ் இல்லை. வழி நெடுக மரம். முதல் மரம் என் மரம்.

தன்வினை தன்னைச் சுடும் என்பார்களே, சுட்டது. பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பால் ஊற்றச் சொன்னாள். “டாக்டர் குடுத்ததத் தவிர ஒண்ணும் இவரு கண்ணுல வுழாது” என்று அஞ்சலை அவளை விரட்டினாள். மரத்தை எடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். “ஈஸ்வரா, மறிச்சது நான். வழிய நீதான் வுடணும்” என்று அழுதேன்.

நான் கும்பிட்டு முடிப்பதற்குள் அஞ்சலை மருந்துச் சீட்டோடு மறியல் நடக்கும் இடத்துக்குப் போய்விட்டாள்.

“இன்னா அண்ணி, அண்ணன் கண்ணுக்கு நாங்க இல்லியா? சீட்டக் குடுங்க!” என்றார்களாம் மறியலில் இருந்தவர்கள்.

ஒருவர் என் மரத்தைத் தாண்டி ஓடினார். அடுத்த மரத்துக்காரர்கள் வாங்கி அதற்கடுத்த மரத்துக்கு அனுப்பினார்கள். கைமாறிக் கைமாறிச் சீட்டு உளுந்தூர்பேட்டை போனது. மத்தியானத்துக்குள் அதே கைகள் வழியாக இரண்டு பாட்டில் வந்தது. கடைசிச் சொட்டு விட்டு அரை மணிகூட ஆகவில்லை. மறியலும் நிற்கவில்லை, மருந்தும் நிற்கவில்லை!

சில வாரத்தில் கருவிழி தெளிந்தது. “ஒரு வேளைகூடத் தப்பாம வுட்டிருக்கீங்கம்மா” என்று டாக்டர் சொன்னபோது அஞ்சலை தலை நிமிர்ந்து நின்றாள். அதை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். அந்தப் பெருமை எனக்குச் சாகிற வரை போதும்.

முன்பெல்லாம் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டேன். இப்போது கேட்கிறேன். நீங்களும் சாமியை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசல்படி தாண்டி நாலு பேரிடமும் சொல்லுங்கள். எனக்கு அவன் அந்த நாலு பேர் கையில்தான் கொடுத்தனுப்பினான்.