சாமிக்குச் சின்னக் கிண்ணம்

குளிர் இறுகுமுன் பால்கனியிலிருந்த ஜெரேனியத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வந்தேன். கையில் இலையொன்று கசங்க, அந்தக் கார வாசம் எழுந்தது. உடனே சிறுவயதில் தோர்ண்டன் ஹீத் என்ற ஊரில் நாங்கள் இருந்த மாடி வீடு கண்முன் வந்துவிட்டது.

அங்கே தோட்டமோ பால்கனியோ இல்லை. வீட்டிலிருந்த மண் முழுவதும் ஜன்னலோரத்து ஜெரேனியத் தொட்டியில்தான். சாமிப்படத்தின் முன் வைத்த செம்புத் தண்ணீரை அம்மா தினமும் அதில் ஊற்றுவார். கோடையில் செடி அதைக் குடித்துச் செழித்தது. குளிர் வந்ததும் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

"இஞ்சேரும், இவ்வளவு தண்ணி ஊத்தினா பூக்கண்டு அழுகிப்போகும்," என்றார் அப்பா.

"சாமிக்கு வைச்ச தண்ணியை சிங்கில ஊத்த ஏலுமே?" அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டில் பூத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை சாமிக்கு முன்னால் செம்பைக் காணோம். சந்தனம் கரைக்கும் சின்னக் கிண்ணத்தில் இரண்டு மிடறு தண்ணீர் இருந்தது.

"ஏனம்மா கொஞ்சமா வைச்சிருக்கிறீங்கள்?"

"குளிருக்க அவருக்கும் தாகம் குறைவுதானே," என்றார் அம்மா, சிரிக்காமல்.

பனி விலகியபோது மொட்டைத் தண்டில் துளிர் விட்டிருந்தது.

இன்று நானும் சாமிக்குச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். செம்பை மினுங்கத் துலக்கி, கைக்கெட்டும் அலமாரித் தட்டிலேயே கவிழ்த்தேன். கோடைக்கு வேண்டும்.