இருபதாவது உறை

மொன்டானாவில் எல்க் மான் வேட்டைக்காலம் முடிய இரண்டே நாள் இருந்தது. ஆர்லிஸ் தோர்சன் வீட்டு ஃப்ரீசர் காலி. அவள் கணவன் லைலும் நானும் ஒரே சுரங்கத்தில் தூசி தின்றவர்கள். எனக்குப் பாதி நுரையீரலாவது மிஞ்சியது. லைல் கட்டிலோடு கிடந்தான். அவன் நுரையீரல் கெட்டதற்குச் சிகரெட்தான் காரணம் என்று கம்பெனி வக்கீல் நீதிமன்றத்தில் சொன்னார். லைல் வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. பள்ளிச் சமையலறையில் ஆர்லிஸ் வாங்கிய சம்பளம் அவன் ஆக்சிஜனுக்கே போனது. ஒரு மான் விழுந்தால் வசந்தம் வரை இறைச்சி. இல்லையென்றால் உருளைக்கிழங்கு மட்டும்தான்.

கடைகளில் தோட்டா இல்லை. வசதியுள்ளவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கிவிட்டார்கள். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையில் மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்வது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் ஆர்லிஸிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல உறை. சனிக்கிழமை காலை நான் அங்கிருந்தபோது லைலின் தம்பி மெர்ல் இருபது உறைகளை மேசையில் கொட்டினான். பளபளவென்று மின்னின.

"பாத்தியா ஆர்லிஸ், முகமே தெரியுது."

"முகம் பாக்க வீட்டுல கண்ணாடி இருக்கு. எத்தன தடவ சுட்டது?"

"யாரு எண்ணுனா? நேத்து பூரா ஒக்காந்து தேச்சேன்."

"அதான் வம்பு. அடியில கோடு விழுந்திருந்தா அதையும் சேத்துத் தேச்சு அழிச்சிருப்ப."

ஒவ்வொரு சூட்டிலும் பித்தளை நீளும். அடிப்பக்கச் சுவர் உள்ளே மெலியும்; வெளியே அது ஒரு கோடாகத் தெரியும். மெலிந்த உறை சுடும்போது அங்கேயே கிழிந்து, வாயு சுடுபவர் முகத்தில் அடிக்கும். ஆர்லிஸ் நுனி வளைத்த கம்பியை உறைக்குள் விட்டுச் சுவரோடு மெல்ல இழுத்தாள். ஒரு பள்ளத்தில் தடுக்கியது. கழித்த உறையை வேறு யாரும் எடுத்துவிடாதபடி குறட்டால் நசுக்கிவிட வேண்டும். நசுக்கினாள். அடுத்ததும் தடுக்கியது.

"கர்த்தர் பாத்துக்குவார்" என்றான் மெர்ல்.

"சுரங்கத்துலயும் பாத்துக்கிட்டுதான் இருந்தார்" என்று கட்டிலிலிருந்து சொல்லிவிட்டு இருமினான் லைல்.

பத்தொன்பது நசுங்கின. இருபதாவதும் தடுக்கியது, லேசாக. குறடு கையில்தான் இருந்தது. அவள் நசுக்கவில்லை.

ஞாயிறு மாலை, வெளிச்சம் போக அரைமணி இருக்கையில், பனிச்சரிவில் ஒரு பெட்டை எல்க் வந்து நின்றது. என் துப்பாக்கியைப் போன குளிர்காலமே விற்றுவிட்டேன். தொலைநோக்கியோடு அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். ஆர்லிஸ் சுட்டாள். குளிரில் விறைத்த கை; நல்ல உறையில் நிரப்பிய தோட்டா மானின் பின்வயிற்றில் பட்டது. மான் விழவில்லை. முதுகு வளைந்து அப்படியே நின்றது. ஆர்லிஸ் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"அது எது?"

"இருபதாவது."

"வேணாம் ஆர்லிஸ். கண்ணு போயிடும்."

"அது நிக்கிறதப் பாரு. இப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

சுட்டாள். பின்னால் கசிந்த வாயு அவள் கன்னத்தைத் தீய்த்தது. குண்டு எங்கே போனதோ, மான் மரங்களுக்குள் நொண்டிப் போனது. துப்பாக்கியைத் திறந்தபோது உறையின் அடிப்பாதி மட்டும் வந்தது. மேல்பாதி உள்ளே இறுகிவிட்டது. இனி அதில் சுட முடியாது. உடைந்த விளிம்பை அவள் விரலால் தடவினாள். கம்பி தடுக்கிய அதே இடம்.

"தெரிஞ்சேதான் சுட்டேன்" என்றாள்.

தூசி பற்றிக் கம்பெனிக்கும் தெரிந்துதான் இருந்தது. அங்கே ஒருவர்கூட இப்படி வாய் திறந்து சொன்னதில்லை.

ரத்தத் தடத்தைப் பிடித்து நடந்தோம். கால்மணி நேரத்தில் பனி கொட்டத் தொடங்கி, தடத்தை மூடியது.