சீட் தைக்கிறவர் தேர்ந்தெடுத்த குரல்

வானொலி நிலையத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் மோட்டார் உறுமுகிற சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போட்டால் நிறைந்துவிடுகிற அறை அவளுடையது. தட்டச்சராகச் சேர்ந்து இருபத்து மூன்று வருடம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஒரு கமா தவறினாலும் எழுதியவரைத் தேடி மாடி இறங்கிப் போய்க் கேட்பாள் என்பதால் நிலையம் முழுவதற்கும் அவள் கமாக்கா.

அரசு வானொலி பாட்காஸ்ட் தொடங்கியபோது கூடவே ஒரு விதியும் வந்தது. காது கேளாதவர்களுக்காக ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எழுத்திலும் வெளியிட வேண்டும். அந்த வேலை கமாக்காவின் தலையில் விழுந்தது. காதில் ஹெட்ஃபோன், காலடியில் பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அவள் கணவர் வாய் ஓயாத மனிதர். அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் கதையைத் தொடங்குவார். "கொஞ்சம் பெடல்லேருந்து காலை எடுங்க" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடம் எடுப்பார்.

எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கணினி காட்டுகிற எண்ணிக்கை பதினொன்றைத் தாண்டியதில்லை. அதில் இரண்டு அவளே சரிபார்க்கத் திறந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் ஒன்று வந்தது.

"நான் பஸ் டிப்போவில் சீட் தைக்கிறவன். பிறவியிலேயே காது கேட்காது. சாப்பாட்டு வேளையில் உங்கள் நிகழ்ச்சிகளைப் படிக்கிறேன். போன வாரம் நர்ஸ் அம்மா பேசியதில் பதினேழு இடத்தில் அடைப்புக்குறி போட்டு 'சிரிப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினேழும் ஒரே சிரிப்பா? கணவர் இறந்ததைச் சொல்லும் இடத்திலும் சிரிப்பு என்றே இருக்கிறது. அங்கே ஏன் சிரித்தார்?"

முதலில் அவளுக்குச் சுருக்கென்றது. மற்றவர் எழுத்தில் குறை கண்டே பேர் வாங்கியவளிடம் ஒருவர் குறை கண்டுவிட்டார். 'வேலை வெட்டி இல்லாம எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காரே மனுஷன்' என்று முணுமுணுத்தபடி பழைய ஒலிப்பதிவைத் திறந்தாள். கேட்கக் கேட்க முணுமுணுப்பு நின்றது. ஒரு சிரிப்பு மரியாதைக்கு. ஒன்று வெட்கம். கணவரைப் பற்றிச் சொன்ன இடத்தில் வந்தது சிரிப்பே இல்லை. அழுகையை விழுங்கப் பார்த்து, தொண்டையில் மாட்டிக்கொண்ட சத்தம். அன்று மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் பதினேழையும் திருத்தி எழுதினாள். அதன்பின் எல்லா நிகழ்ச்சிகளிலும், பேசுகிறவர் குரல் எப்படிப்பட்டது என்றும் தொடக்கத்தில் இரண்டு வரி சேர்த்தாள்.

தயாரிப்பாளர் அவளைவிடப் பத்து வயது இளையவர். அவள் சேர்த்ததைப் பார்த்துவிட்டு அறைக்கே வந்தார்.

"அக்கா, பேசினதை எழுதினா போதும். நீங்க கதை எழுதறீங்க."

"கேட்டதைத்தான் எழுதறேன்."

"பதினோரு பேருக்காக இவ்வளவு மெனக்கெடணுமா? இது செவிடன் காதுல ஊதின..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கமாக்கா, அச்செடுத்து வைத்திருந்த சீட் தைக்கிறவரின் மின்னஞ்சலை அவர் முன்னால் திருப்பி வைத்தாள். அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு இருந்த ஒரே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்ததால், மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு மறுபடி படித்தார்.

"இவரைக் கூப்பிட்டுப் பேசவைக்கலாமாக்கா?" என்றார்.

சீட் தைக்கிறவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, அகன்ற தோள், ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல்கள். அவர் கையசைவைப் பேச்சாக்க, சைகை மொழி தெரிந்த இளம்பெண் ஒருத்தியை நிலையம் அமர்த்தியிருந்தது. ஒத்திகை முடிந்ததும் அவர் ஒரு தாளில் எழுதிக் கமாக்காவிடம் நீட்டினார்: "என் குரல் எப்படி இருந்தது?"

அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "இருபத்தைந்து வயதுப் பெண்ணின் குரல். தெளிவானது. கொஞ்சம் அவசரம்" என்று எழுதினாள்.

அவர் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். ஏதோ கையசைத்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"இந்த உடம்புக்கா அந்தக் குரல்னு கேக்கறாரு. இங்க இருக்கற குரலையெல்லாம் நீங்க எழுதித் தந்தா, தனக்கு எது வேணும்னு அவரே பார்த்துக்கறாராம்."

கமாக்கா நான்கு குரல்களை எழுதினாள். செய்தி வாசிப்பவர்: எண்ணெய் போட்ட கதவு, எங்கும் உராயாது. நாடக நடிகர்: கடைசி வரிசைக்கும் கேட்கும், பக்கத்தில் இருப்பவருக்கு வலிக்கும். தயாரிப்பாளர்: கேள்வி கேட்காதபோதும் கேள்வி போலவே முடியும். வாசல் காவலாளி: முதலில் ஒரு இருமல், பிறகு தடித்த குரல், ஒரு வார்த்தையைக் கீழே வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தூக்கும்.

அவர் விரல் காவலாளியின் மேல் நின்றது.

"நானா?" என்றார், வாசலிலிருந்து அழைத்து வரப்பட்ட காவலாளி. "பதினாறு வருஷமா இந்த ஸ்டுடியோவுக்குள்ள யாரையும் விடாம இருக்கறதுதாம்மா என் வேலையே."

"இன்னிக்கு உங்களை நீங்களே உள்ள விடுங்கண்ணே" என்றாள் கமாக்கா.

பதிவு தொடங்கியது. சீட் தைக்கிறவர் கையசைக்க, பெண் அதைக் காவலாளியின் ஹெட்ஃபோனில் மெல்லச் சொல்ல, காவலாளி தன் வாயால் சொன்னார்.

"சீட்டு எங்க கிழியுதுன்னு பார்த்தா, ஊருல யார் எப்படி உக்கார்றாங்கன்னு தெரிஞ்சிடும். வழியோரச் சீட்டு முனையில கிழியும். எறங்க அவசரம். கடைசி சீட்டுல பேரு கீறியிருப்பாங்க. எத்தனையோ காதலை நான் பிரிச்சுப் போட்டுத் தைச்சிருக்கேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சொன்னார்: "பஸ்ஸுல ஸ்டாப் பேரை ஸ்பீக்கர்ல சொல்றாங்க. நான் தைச்ச சீட்டுல உக்காந்துக்கிட்டு, எறங்கற இடம் தெரியாம ஜன்னலையே பார்த்துக்கிட்டு வர்றேன். பேரை எழுதிக் காட்டுங்கன்னு இருபது வருஷமா கேக்கறேன்."

காவலாளியின் குரல் தழுதழுத்தது. தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமாக்கா அந்த இடத்தில் 'வருத்தத்துடன்' என்று எழுதி, வெளியிடும் முன் பார்க்கச் சொல்லிச் சீட் தைக்கிறவருக்கு அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. "நான் வருத்தப்படவில்லை. கோபப்பட்டேன். என் கையைப் பார்த்தவருக்குத் தெரியும்."

எழுத்தில் ஒரு சொல்லை மாற்றினால் போதும்தான். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தயாரிப்பாளரிடம் போனாள்.

"படிக்கறவங்களுக்கு நான் மாத்திடுவேன். காதால கேக்கறவங்களுக்கு யார் மாத்துவா?"

"அந்த இடத்துலதானேக்கா எல்லாருக்கும் கண் கலங்குச்சு."

"அவர் உங்களைக் கலங்கச் சொல்லலையே."

தயாரிப்பாளர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "வியாழக்கிழமை ஸ்டுடியோ காலியா இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. காவலாளிக்குக் கோபம் வரவில்லை. "வராதும்மா. வந்தா வாசல்ல நிக்க முடியாது" என்றார். அந்த வரியை மூன்று முறை சொன்னார். மூன்றும் மன்னிப்புக் கேட்பது போலவே இருந்தன. சீட் தைக்கிறவருக்கு அது காதில் விழவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தே, இல்லை என்று தலையை ஆட்டினார். எழுந்து போய்க் காவலாளியின் நாற்காலியை இழுத்துவிட்டு, நின்றபடி சொல்லச் சொன்னார். தானும் எதிரில் நின்று அந்த வரியைக் கையால் சொன்னார். உள்ளங்கையில் கை அறைந்த சத்தம் மைக்கில் பதிந்தது. காவலாளி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை, இருமாமல், "இருபது வருஷமா கேக்கறேன்" என்றார். கமாக்காவுக்கு முதுகு நிமிர்ந்தது. சீட் தைக்கிறவர் காவலாளியின் கழுத்து நரம்பைப் பார்த்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினார்.

நிகழ்ச்சி அப்படியே வெளியானது. பஸ் நிர்வாகம் மூன்று வண்டிகளில் எழுத்துப் பலகை வைத்துப் பார்ப்பதாகக் கடிதம் போட்டது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சீட் தைக்கிறவர் மாதம் ஒரு கடிதம் எழுதி அவர்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறார்.

அடுத்து, காது கேளாத ஓர் ஆசிரியை பேச வருவதாக ஒப்புக்கொண்டார். அவருக்காகக் கமாக்கா நிலையத்தில் இருந்த பெண் குரல்கள் ஒன்பதையும் எழுதி அனுப்பினாள். "இதில் நான் இல்லை. தேடுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கமாக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாடி இறங்கித் தெருவுக்குப் போனாள்.