கன்னிமூலையில் நின்ற பீரோ

அந்த பீரோ என் அம்மா வீட்டில் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடி வைத்த பச்சை நிற இரும்பு பீரோ. கல்யாணத்துக்கு மறுநாள், வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு மினி வேனில் வந்து இறங்கியது. எங்கே வைப்பது என்று என்னை யாரும் கேட்கவில்லை. மாமனார் கை நீட்டிய இடத்தில் நாலு பேர் தூக்கி வைத்தார்கள். உள் அறையின் தென்மேற்கு மூலை, கன்னிமூலை. வீட்டில் கனமான பொருள் அங்கேதான் இருக்க வேண்டும், அதை அசைத்தால் குடும்பமே ஆட்டம் கண்டுவிடும் என்று வாஸ்து பார்த்தவர் சொன்னாராம்.

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பக்கத்துக்காரர் வயல். போர் தண்ணீர் இருப்பதால் வருஷம் முழுக்க நெல். வரப்புக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. கவர்ன்மென்ட் பணத்தில் கட்டிய வீடு. வந்த பணம் உள்பூச்சுக்குத்தான் போதுமாக இருந்தது. வெளிப்பக்கம் இன்றைக்கும் வெறும் செங்கல். அந்தச் செங்கல் வயல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் நாற்றம் வந்தது. நனைந்த சாக்கைச் சுருட்டி வைத்தால் வருமே, அந்த நாற்றம். அரிசி டிரம், புளிப்பானை, வேர்க்கடலை மூட்டை எல்லாம் அந்த அறையில்தான். ஐப்பசியில் புளி மேல் வெள்ளையாகப் பூத்தது. பூத்ததை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். வேர்க்கடலையில் பச்சைப் பொடி படிந்திருந்தது. முறத்தில் போட்டுத் தேய்த்து, வெயிலில் காட்டி, வறுத்துச் சட்னி அரைத்தேன். கசந்த கடலை பல்லில் பட்டால் துப்பிவிட்டு அடுத்ததை மென்றோம். பிறகு பீரோவுக்குள் என் கல்யாணப் பட்டு. பிரித்தால் மடிப்பு நெடுகச் சாம்பல் புள்ளி. அந்துருண்டை வாங்கிப் போட்டேன். ஒரு நாற்றம் இரண்டு நாற்றமானது.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில், அட்டைப்பெட்டி குடோனில் ஆறு வருஷமாக வேலை செய்கிறேன். குடோன் தரையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டைத் தாண்டிச் சுவரை ஒட்டி ஒரு பெட்டி வைத்தால் சூப்பர்வைசர் கத்துவார். காற்று போகாவிட்டால் அட்டை பூத்துவிடும். வெறும் அட்டை அது. அங்கே கோடு பார்த்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சுவரோடு சுவராக நின்ற பீரோவுக்குப் பக்கத்தில் பாய் விரித்து என் மகளைப் படுக்க வைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அந்த இடத்தில் அவளுக்கு முன்னால் படுத்தவர் என் மாமியார். நான் வந்தபிறகு மூன்று மழைக்காலம் இருந்தார். மழை பிடித்தால் இருமல், இருமல் முற்றினால் இழுப்பு. நாலாவது மழைக்கு அவர் இல்லை. "அவ ஒடம்பு வாகு அப்பிடி" என்றார் மாமனார். நாங்களும் அதையே சொன்னோம்.

மகளுக்கு நாலு வயது ஆனபோது அதே இருமல் வந்தது. மாமனாருக்குப் பேத்தி என்றால் உயிர். சுவரில் ஊறிய ஈரம், ஓதம், போகட்டும் என்று தினமும் சாயங்காலம் அந்த அறையில் சாம்பிராணி போடுவார். புகை ஏறினால் அவள் இன்னும் இருமுவாள்.

"பொக வேணாம் மாமா. அவளுக்கு மூச்சு முட்டுது."

"இன்னாம்மா பேசற? ஓதத்துக்குப் பொகதான் மருந்து."

"பீரோவக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாக்கலாமே."

"தள்ளிட்டு? கன்னிமூலயக் காலியா வுட்டுட்டு நாளைக்கு நடுத்தெருவுல நிக்கறதா?"

என் வீட்டுக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏண்டி, பொங்கலுக்குதான டிஸ்டம்பர் அடிச்சேன்? அதுக்குள்ள இன்னா ஒனக்கு?"

"பீரோவுக்குப் பின்னாடி அடிச்சியா?"

"பின்னாடி யாரு வந்து பாக்கப் போறா?"

"பூசணம் பாக்குது."

அப்பாவும் பிள்ளையும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. வயல் வரப்பு மூழ்கித் தண்ணீர் எங்கள் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு ஊட்டப் போனேன். மகள் வாயைத் திறக்கவில்லை. விலா எலும்புக்குக் கீழே வயிறு குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தைகூட அவளால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. "ம்" என்றாள். அடுத்த "மா" வரவில்லை.

பைக்கில் நடுவில் உட்கார வைத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தி மதகடிப்பட்டு வரைக்கும் போனோம். வழி நெடுக என் கையை அவள் முதுகில் வைத்திருந்தேன். முதுகு விசில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டிப் புகை மருந்து வைத்தார்கள். நர்ஸ் கேட்டார்: "வூட்ல ஓதம் இருக்குதா? செவுத்துல பூசணம்?"

"அதெல்லாம் இல்ல சிஸ்டர். வருசா வருசம் பெயின்ட் அடிக்கறோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்குது" என்றேன். "செவுத்துல இருக்குது, புளியில இருக்குது, பொடவையில இருக்குது."

"கொழந்த எங்க படுக்குது?"

"அங்கதான்."

நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். "படிச்சவங்களாட்டம் இருக்கற. மொதல்ல எடத்த மாத்தும்மா. அடுத்த தபா இவ்ளோ நேரம் தாங்காது."

மூன்றாம் நாள் மகளோடு வீடு திரும்பினோம். அவளைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு பீரோவைக் காலி செய்ய ஆரம்பித்தேன். மாமனார் வாசற்படியில் வந்து நின்றார்.

"அதுல கை வெக்காத. சொல்லிட்டேன்."

"எங்க அம்மா வூட்டு பீரோ மாமா இது. எங்க வெக்கறதுன்னு இன்னிக்கி நான் சொல்றேன்." புருஷனைப் பார்த்து, "யோவ், அந்தப் பக்கம் புடி" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார், பிடித்தார்.

பீரோவின் கால் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது முதுகுத் தகடு சுவர்ப்பூச்சைப் பிய்த்துக்கொண்டு வந்தது. பின்னால் சுவரே தெரியவில்லை. தரையிலிருந்து என் நெஞ்சு உயரம் வரைக்கும் கறுப்பு. எலித்தோல் மாதிரி முடி முடியாக நின்றது. டிஸ்டம்பரின் நீலம் பீரோ விளிம்புவரைக்கும் வந்து கோடு கிழித்தது போல நின்றிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், பாய் போடும் இடத்தில், நீலம் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். நீலப் பட்டை உரிந்தது, கீழே கறுப்பு. அதைச் சுரண்டினால் மஞ்சள், அதன் கீழே கறுப்பு. அதற்கும் கீழே ரோஸ்.

மாமனார் உள்ளே வந்து குனிந்தார். தலை வைத்துப் படுக்கும் உயரம் அது.

"ரோசு ஒன் மாமியா ஆசப்பட்டுக் கேட்டது" என்றார். "அவளுக்குன்னுதான் அடிச்சம்."

ரோஸுக்குக் கீழேயும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். சாம்பிராணித் தூபக்காலை எடுத்துப்போய் வெளியே வைத்தார். அது இன்றும் அங்கேயே கிடக்கிறது.

மாமியாரை அந்தச் சுவர்தான் கொன்றது என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. புளி, கடலை, பாதி டிரம் அரிசி எல்லாவற்றையும் குழி வெட்டிக் கொட்டினேன். கோழிக்குக்கூடப் போடவில்லை. பீரோ இப்போது அறையின் நடுவில், நாலு பக்கமும் காற்று போக நிற்கிறது. அறையைப் பூட்டிவிட்டோம். மகள் கூடத்தில் படுக்கிறாள். காலையில் எழுந்ததும் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறேன்.

மாமனாருக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. தினமும் காலையில் கூடத்துச் சுவரில், பேத்தியின் தலைமாட்டில், உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். பக்கத்து வயலில் இந்த வாரம் நடவு. தண்ணீர் கட்டிவிட்டார்கள். இன்று காலையும் கையை வைத்தார். எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் மகளின் பாயைச் சுருட்டினேன்.